அல்சூர் மஸ்டாங்குக்கு எந்த எக்ஸாஸ்ட் பொருந்தும்?

கேள்வி: 2017-இல் பதிவான, 5.0 லிட்டர் வி8 எஞ்சின் கொண்ட ஃபோர்டு மஸ்டாங் காரை இரண்டாவது உரிமையாளராக வாங்கியிருக்கிறேன். எஞ்சினோடு சேரும் ஹெடர் குழாய்கள் முதல் வால்குழாய் வரை மொத்த எக்ஸாஸ்டையும் (புகைபோக்கும் அமைப்பு) மாற்ற விரும்புகிறேன். அமெரிக்கக் கடை ஒன்று தன் செட் 2015-க்குப் பிந்தைய எல்லா மஸ்டாங்குக்கும் பொருந்தும் என்கிறது. ஜே.சி. ரோடு மெக்கானிக்கோ, எதை வாங்கினாலும் வெல்டிங் வைத்துச் சேர்த்துவிடலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: இருவர் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் ஹெடரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அமெரிக்காவில் விற்கப்படும் ஹெடர்களில் பல, ஸ்டீயரிங் இடப்புறம் உள்ள கார்களை அளந்து செய்யப்பட்டவை. 2016 ஜூலையில் இந்தியாவில் அறிமுகமான மஸ்டாங்கில் ஸ்டீயரிங் வலப்புறம் இருப்பதால், அதன் தண்டு எஞ்சினின் வலப்பக்கத்து ஹெடர் குழாய்கள் இறங்கும் இடத்திலேயே கீழே செல்கிறது. ஆகவே, வலப்புற ஸ்டீயரிங்குக்கென்றே தயாரித்தது என்று விற்பவர் எழுத்தில் உறுதி தராத ஹெடர் அந்தத் தண்டில் இடிக்கக்கூடும். அதை வெல்டிங் வைத்துத் தீர்க்க முடியாது.

அப்படியொன்று கிடைத்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் காரில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர், எஞ்சினின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் மேனிஃபோல்டை ஒட்டியே இருப்பதால், நீளமான ஹெடர் போட்டால் அது இடம்பெயர வேண்டும் அல்லது நீங்க வேண்டும். நீக்கினால், அதன் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார்கள் அதைக் கண்டுபிடித்து, பி0420, பி0430 என்ற குறியீடுகளுடன் எஞ்சின் விளக்கை எரியவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2)-ஆம் பிரிவின்படி, ஒலி மற்றும் காற்று மாசு வரம்பை மீறும் வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டினால், முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதத் தடை வரும். பெங்களூரு போக்குவரத்துப் போலீசார் பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிய காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் பைக் சைலன்சர்கள் என்பது கார்க்காரர்களுக்கு ஆறுதல் ஆகாது.

எனவே, கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும் மாற்றுங்கள். அதில் இரண்டு வகை உண்டு: கன்வர்ட்டருக்குப் பிறகு வரும் அனைத்தையும் மாற்றும் கேட்-பேக், பின் அச்சுக்குப் பிறகு வரும், ஒலியைக் குறைக்கும் மஃப்ளரையும் வால்குழாயையும் மட்டும் மாற்றும் ஆக்ஸில்-பேக். எதை வாங்கினாலும் ஆண்டைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் 2018 மாடலில் பின்பக்கத் தோற்றம் மாறி, வி8 காருக்குப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு வால்குழாய்கள் வந்துவிட்டன. அதற்கு முந்தைய காரில் பக்கத்துக்கு ஒன்றுதான். நான்கு குழாய் செட்டை உங்கள் காரில் மாட்டினால் பம்பரின் திறப்புக்குள் அடங்காது. மேலும், 2018-க்குப் பிந்தைய சில செட்டுகளில் மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு உண்டு. அதை இயக்கும் ஏற்பாடு உங்கள் காரில் இல்லை. பதிவான ஆண்டும் மாடல் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதால், ஆர்.சி.யில் உள்ள 17 இலக்க சேசிஸ் எண்ணைப் பாருங்கள்: பத்தாவது இடத்தில் ஜி என்றால் 2016 மாடல், ஹெச் என்றால் 2017. ஆர்டர் கொடுக்கும் முன் இந்த எண்ணையே விற்பவருக்கு அனுப்பிப் பொருத்தத்தைக் கேளுங்கள்.

பிறகு காரை லிஃப்டில் ஏற்றி, வெர்னியர் காலிப்பரால் அளக்கச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் குழாயைப் பெரும்பாலும் வெளிவிட்டத்தை வைத்தே 2.5 அங்குலம், 3 அங்குலம் என்று குறிப்பிடுவார்கள். ஆனால் ஒரு குழாய் இன்னொன்றுக்குள் நுழையும் இணைப்பில் வெளிக்குழாயின் உள்விட்டம்தான் கணக்கு. இதைக் கவனிக்காமல் வாங்கிய செட்டுகள்தாம் கடைசியில் வெல்டிங் பட்டறைக்குப் போகின்றன. இணைப்பு கிளாம்ப் வகையா, போல்ட் போடும் ஃபிளாஞ்ச் வகையா, ரப்பர் ஹேங்கர்கள் தொங்கும் கம்பிகள் பழைய இடத்திலேயே வருகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். குழாய் பழையதைவிடத் தடிமனாக இருந்தால் தரையிலிருந்து உள்ள இடைவெளி அந்த அளவுக்குக் குறையும். நம் ஊர் ஹம்ப்ஸ் அதை மன்னிக்காது.

என் தேர்வு ஆக்ஸில்-பேக். வி8 எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுழற்சியில் ஓடும்போது நொடிக்கு ஏறக்குறைய 133 முறை வெடிப்பு நிகழ்கிறது. அந்த அதிர்வு காரின் உட்கூட்டோடு ஒத்திசைந்தால், மைசூர் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகையில் காதுக்குள் ஓயாத ரீங்காரமாகக் கேட்கும். நடுவில் உள்ள, ரீங்காரத்தை அடக்கும் ரெசொனேட்டரைத் தொடாமல் விட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும். குதிரைத்திறன் பெரிதாக அதிகரிக்காது. நீங்கள் காசு கொடுப்பது ஒலிக்காகத்தான்.

கேள்வி: சிவாஜிநகர் கடையில் ‘304 ஸ்டீல்’ என்று ஒரு மஃப்ளர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. நம்பலாமா?
— வாசகர், காக்ஸ் டவுன், பெங்களூரு

பதில்: ஒரு காந்தம் எடுத்துச் செல்லுங்கள். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருப்பதால் காந்தம் அநேகமாக ஒட்டாது. வளைத்த இடங்களில் மட்டும் லேசாக இழுக்கலாம். எல்லா இடத்திலும் பலமாகப் பிடித்தால் அது 409 என்ற இன்னொரு ஸ்டெயின்லெஸ் வகையாகவோ அலுமினியம் பூசிய சாதாரண எஃகாகவோ இருக்கலாம். 409-இல் தவறேதும் இல்லை. பல கார் நிறுவனங்களே எக்ஸாஸ்டுக்கு அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் 409-இன் விலையைத்தான் கொடுக்க வேண்டும்.