பெட்டியடிப் பையனுக்குச் சம்பளம் உண்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். முடித்து நான்கு வருடம் ஆகிறது. ஒரு கல்விச் செயலி மூலம் ஆன்லைன் எம்.பி.ஏ. சேரச் சொல்லி தினமும் போன் வருகிறது. 1,85,000 ரூபாய், 24 மாதத் தவணை. இன்று இரவுக்குள் சேர்ந்தால் தள்ளுபடியாம். ‘அமெரிக்காவில் லாபத்துக்கே பல்கலைக்கழகம் நடத்துகிறார்கள், பீனிக்ஸ் பல்கலைக்கழகத்தில் லட்சக்கணக்கில் படித்தார்கள், இங்கே மட்டும் என்ன கேடு’ என்கிறார் அந்தச் செயலிக்கு ஆள் சேர்க்கும் கவுன்சிலர். பட்டம் செல்லுமா? நீங்கள் பழைய ஆள், ஆன்லைன் என்றாலே பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

பழைய ஆள்தான். ஆனால் கண்டனூர்ப் பக்கம் கோழி பிரியாணி முதல் கல்யாணப் பந்தல் வரை ஆன்லைனில்தான் சொல்கிறேன். அந்தப் பேச்சை விடுங்கள்.

செல்லுமா என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வைத்திருக்கும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இருந்தால் செல்லும். 2020 விதிகளின்படி வகுப்பில் உட்கார்ந்து வாங்கும் பட்டத்துக்கு அது சமம். செயலிக்காரன் பட்டம் கொடுக்க முடியாது. பல்கலைக்கழகம் அவனுக்கு உரிமம் கொடுத்துப் படிப்பை நடத்தவும் கூடாது என்று யுஜிசி 2022இலேயே எச்சரித்துவிட்டது. இதைப் பார்க்க அஞ்சு நிமிஷம் போதும். எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் பார்த்திருக்கலாம்!

நீங்கள் கேட்காத ஒன்றுதான் ஒரு வாரமாக என் மண்டையைக் குடைகிறது. உங்கள் இரண்டு வருடம் வீணானால் நஷ்டம் யாருக்கு?

பீனிக்ஸ் பேச்சை எடுத்தது நல்லதாயிற்று. ஜான் ஸ்பெர்லிங் 1976இல் அதைத் தொடங்கியபோது யோசனை ஒன்றும் தப்பில்லை. வேலைக்குப் போகிறவனுக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, சாயங்காலத்தில் படிப்பு. 2010 வாக்கில் நான்கரை லட்சத்துக்கு மேல் மாணவர்கள், பெரும்பாலும் ஆன்லைனில். ஆனால் பணம் வந்த வழியைப் பாருங்கள். லாபத்துக்கு நடக்கும் கல்லூரியின் வருமானத்தில் 90 விழுக்காடு வரை அரசு தரும் மாணவர் உதவிப் பணமாகவே இருக்கலாம் என்பது அந்த ஊர்ச் சட்டம். அதில் பெரும்பகுதி கடன். கொடுத்தது அரசு, கடன்காரன் மாணவன், ரொக்கம் விழுந்தது மூன்றாவது ஆள் பெட்டியில். அவன் பாடம் நடத்தினானா, மாணவன் பாதியில் ஓடினானா என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட், ஏடி அண்ட் டி போன்ற கம்பெனிகளோடு சேர்ந்து வேலைக்கு வழி செய்வதுபோல விளம்பரம் செய்ததாக வழக்கு வந்தது. 2019இல் 19.1 கோடி டாலருக்குச் சமரசம். அதில் 14.1 கோடி, மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்கே தர வேண்டியிருந்த பாக்கியைத் தள்ளியது. அரசிடம் வாங்கிய கடன் அந்தக் கணக்கில் வரவில்லை.

வட்டிக்கடைக்காரன் பேரனுக்கு இது பொறுக்கவில்லை. எங்கள் ஐயா, அப்பாவின் அப்பா, பதினான்கு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவின் பினாங்குக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் தொழில் பழகும் பையனாக, போனவர். வட்டிக்கடைகள் இருக்கும் கட்டடமான கிட்டங்கியில் தரையில் பாய் விரித்து வரிசையாகப் பெட்டி, ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடை. பையன் கூட்டுவான், தண்ணீர் எடுப்பான், ராத்திரி மேலாள் சொல்லச் சொல்லப் பேரேடு எழுதுவான். முந்திரியில் கணக்குப் பிசகினால் தலையில் குட்டு விழும். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, தம்பி. கால்குலேட்டரைத் தட்டாதீர்கள்.

ஐயாவின் சம்பளச் சீட்டை நான் பார்த்திருக்கிறேன். மூன்று வருடக் கணக்கு, மொத்தச் சம்பளம் இவ்வளவு, கப்பலேறும் முன்பே ஒரு பங்கு வீட்டில் கொடுத்தாயிற்று. அப்பத்தா அந்த வரியில் விரலை வைத்துக் காட்டுவாள், ‘அதுலதான் கூரை மாத்துனோம்’ என்று. கற்றுக்கொள்கிறவனுக்குக் கற்றுக்கொடுக்கிறவன் பணம் கொடுத்தான்! தர்மம் இல்லை. பையன் தேறாவிட்டால் மூன்று வருடச் சோறும் சம்பளமும் முதலாளிக்குத்தான் நஷ்டம். அதனால்தான் அந்தக் குட்டு. அதில் கொடுமையும் இருந்தது; ஐயா ஊர் திரும்பியபோது அவர் தகப்பனார் போய்ச் சேர்ந்து எட்டு மாதம்.

உங்கள் கவுன்சிலர் உங்களைக் குட்ட மாட்டார். நீங்கள் தவறினால் அவருக்கு என்ன நஷ்டம்? சேர்ந்த அன்றே அவர் கணக்கு முடிந்தது. ‘வட்டியில்லாத் தவணை’ என்ற தாளைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். கடன் கொடுப்பவர் என்ற இடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரா இருக்கிறது, ஏதோ ஒரு நிதி நிறுவனத்தின் பெயரா? நிதி நிறுவனம் என்றால், நீங்கள் மூன்றாம் மாதமே படிப்பை விட்டாலும் தவணை உங்களை விடாது. கணக்கு எழுதுகிறவர் நீங்கள், இதைக்கூடப் பார்க்காமல் தள்ளுபடியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கோபம் வராதா?

படிக்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. உங்கள் ஊரிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. தொலைநிலைப் படிப்பும் உண்டு. நேரில் போய் விசாரியுங்கள், இரவு பன்னிரண்டு மணிக் கெடு எதுவும் வைக்க மாட்டார்கள்.

இன்னொன்று. பாகப்பிரிவினையில் ஐயாவின் பெட்டியை என் சித்தப்பா வீட்டார் உங்கள் தெருவில்தான் விற்றார்கள். தேக்கு, பித்தளைக் கொண்டி, மூடியின் உள்பக்கம் பென்சிலில் முந்திரி வாய்பாடு. உங்கள் கடையில் கிடந்தால் எழுதுங்கள். என்னுடையது என்று தெரிந்துவிட்டது என்பதற்காக விலையைக் கூட்டாதீர்கள்.

அன்புடன்
அண்ணன்