போன் இருக்கும்போது இது எதற்கு? (கடிதம்)

அன்புள்ள சேர்,

சென்ற மாதக் குறிப்பொன்றின் கடைசியில், 'கையில் வைத்து விளையாடுகிற கேம் கன்சோல் ஒன்று வாங்கியிருக்கிறேன், வாசிப்பு கொஞ்சம் பின்தங்கிவிட்டது' என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் வேண்டியிருந்தது. நான் மூதூர். வேலை திருகோணமலை ரவுனில். தினமும் பஸ்சில் கிண்ணியாப் பாலம் தாண்டி வந்து போகிறேன். கத்தாரில் இருக்கும் நானா அடுத்த மாதம் லீவில் வருகிறார், 'என்ன வேணும், சொல்லு' என்கிறார். ஸ்டீம் டெக் கேட்பதா, நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கேட்பதா என்று மண்டை காய்கிறது. மனைவியோ, 'போனில இல்லாத கேமா? சின்னப்பிள்ளைச் சாமானுக்கு இவ்வளவு காசா?' என்கிறா. நீங்கள் வாங்கியது எது, எப்படி இருக்கிறது, பஸ்சில் விளையாட முடியுமா? பெயர் போட வேண்டாம், ஒபிசில் உங்களை வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

*

அன்புள்ள தம்பி,

நான் வாங்கியது ஸ்டீம் டெக், கணினிக் கேம்களைக் கையில் வைத்து விளையாடுகிற மெஷின். அதில் ஓஎல்இடி திரை உள்ள மாடல், 512 ஜிபி. 2023 நவம்பரில் வெளிவந்தபோது அமெரிக்காவில் 549 டொலர். இலங்கையில் அதற்கு அதிகாரபூர்வ விற்பனையே கிடையாது. கடைக்காரர் சொல்வதுதான் விலை, அவர் தருவதுதான் உத்தரவாதம். கத்தாரிலும் அது இறக்குமதிச் சரக்குதான் என்பதை நானாவிடம் சொல்லி வையுங்கள்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் தெரிவது பருமன். முப்பது சென்ரிமீற்றர் அகலம், 640 கிராம் பாரம். அரைக் கிலோ சீனிப் பையை விடக் கொஞ்சம் கூட. ஆனால் கையில் எடுத்த பிறகு அந்தப் பாரம் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் உள்ளங்கை நிறைகிற மாதிரிப் பிடி வைத்திருக்கிறார்கள், விரல்கள் தாமாகவே பின்பக்கத்து நான்கு பட்டன்களின் மேல் போய் உட்காருகின்றன. மல்லாந்து படுத்து முகத்துக்கு நேரே பிடித்தால்தான் பாரம் விளங்கும். அப்படியே கண்ணயர்ந்தால் மூக்குக்குச் சேதம்.

முன்பக்கத்தில் இரண்டு சதுரப் பட்டைகள் இருக்கின்றன. மவுஸ் வேண்டிய கேம்களுக்காக வைத்தவை. பெருவிரலை ஓட்டினால் உள்ளே பல்சக்கரம் சுற்றுகிற உணர்வு வருகிறது. சக்கரம் ஏதும் இல்லை, அதிர்வு செய்கிற வேலை. மேல் விளிம்பால் சூடான காற்று வெளியே வருகிறது. அந்தக் காற்றுக்குப் புதுச் சாமான்களுக்கு உரிய ஒரு வாசம் உண்டு. ஸ்டீம் டெக் வைத்திருப்பவர்கள் உலகமெங்கும் அதை மோந்து பார்த்து ரசிக்கிறார்கள் என்பது பிரசித்தம். தயாரித்த வால்வ் நிறுவனமே 'வேண்டாம், மோக்காதீர்கள்' என்று சொல்லவேண்டி வந்தது. நானும் மோந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை.

சரி, உங்கள் பஸ் கேள்வி. மூதூர் பஸ்சில் இதை எடுத்து விளையாடலாம் என்று நான் சொல்லமாட்டேன். இருக்கை கிடைத்தாலும் பக்கத்தில் இருப்பவருடைய விலாவில் உங்கள் முழங்கை இடிக்கும். நின்றுகொண்டு என்றால் கதையே இல்லை, இரண்டு கையும் வேண்டும். போதாததற்குப் பின்சீட்டுச் சனம் முழுக்க உங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கும். ஆனால் இரவு மெயில் ரயிலில் கொழும்புக்குப் போகும்போது நல்ல துணை. கந்தளாய் தாண்டிக் காட்டுப் பக்கம் போனால் போன் சிக்னல் வந்து வந்து போகும். ஆனால் தனியாள் விளையாடுகிற பெரும்பாலான கேம்களுக்கு இணையம் தேவையில்லை. வீட்டிலேயே ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, 'ஒஃப்லைன்' முறைக்கு மாற்றிக்கொண்டு போகவேண்டும்.

இந்த மெஷினை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதன் வேகமோ திரையோ அல்ல. மேலே ஒரு சின்னப் பவர் பட்டன் இருக்கிறது. அதை ஒருமுறை அழுத்தினால் கேம் நின்ற இடத்தில் நின்றுவிடுகிறது. கத்தி ஓங்கியபடி, கார் வளைவில் பாதி திரும்பியபடி, எப்படி இருந்ததோ அப்படியே. இரண்டு மணித்தியாலம் கழித்தோ அடுத்த நாளோ திரும்ப அழுத்தினால் சில விநாடிகளில் அந்த இடத்திலிருந்தே ஓடுகிறது. 'சேவ் பண்ணுமிடம் வரட்டும்' என்று காத்திருக்க வேண்டியதில்லை. நடுவயதுக்காரன் கேம் விளையாட முடியாமல் போவது நேரம் இல்லாததால் அல்ல, நேரம் துண்டு துண்டாகக் கிடைப்பதால். பின்னேரம் விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால், கேற்றடியில் யாராவது கூப்பிடுவார்கள். தண்ணீர் மோட்டரை நிறுத்தவேண்டும். கனடாவிலிருந்து அழைப்பு வரும். ரி.வி.யில் பூட்டுகிற பெரிய கன்சோலுக்கு முன்னால் உட்கார, வீட்டில் மற்றவர்களிடமிருந்து ரி.வி.யைப் பறிக்கவும் வேண்டும். இது அந்தச் சண்டையில் இல்லை. என்னைக் கேட்டால், காசு அந்தப் பட்டனுக்குத்தான்.

இனி எரிச்சலான விஷயம்: எழுத்து. திரை 7.4 அங்குலம். கேம்களில் பாதி, பெரிய ரி.வி.யை மனதில் வைத்துச் செய்தவை. கதாபாத்திரம் என்ன சாமான் வைத்திருக்கிறது, அது என்ன செய்யும் என்பதையெல்லாம் எறும்பு எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். வாசிப்புக் கண்ணாடி இல்லாமல் என்னால் முடியாது. கண்ணாடியைப் போட்டால் திரையைக் கிட்டப் பிடிக்கவேண்டும், கிட்டப் பிடித்தால் கழுத்து நோகும். ஸ்டீம் பட்டனோடு, இடது மேல் விளிம்பில் உள்ள எல்1 பட்டனைச் சேர்த்து அழுத்தினால் திரையின் ஒரு பகுதி பெரிதாகத் தெரியும், அவசரத்துக்கு உதவும். இதற்குக் கேம் வாங்குவது ஸ்டீம் என்ற வால்வின் இணையக் கடையில். அங்கே ஒவ்வொரு கேமுக்கும் இந்த மெஷினில் எப்படி ஓடும் என்று அடையாளம் போட்டிருக்கிறார்கள். பச்சைச் சரி போட்டிருந்தால் எழுத்து வாசிக்கக்கூடியதா என்பதையும் பார்த்திருக்கிறார்கள். மஞ்சள் அடையாளம் என்றால் உள்ளே திறந்து காரணத்தைப் படியுங்கள், 'சில எழுத்துகள் சிறியவை' என்று இருக்கும். உங்கள் வயதுக்கு அது பொருட்டில்லாமல் இருக்கலாம்.

இன்னொன்று, விறாந்தையில் விளையாட நினைத்தால் திரைக் கண்ணாடி முக்கியம். 512 ஜிபி மாடலுக்குப் பளபளப்பான கண்ணாடி, 1 டிபி மாடலுக்கு வெளிச்சம் தெறிக்காத கண்ணாடி. நமது ஊர்ப் பகல் வெளிச்சத்தில் பளபளப்பான திரையில் இருட்டுக் காட்சி வந்தால் என் முகமும் பின்னால் நிற்கிற தென்னையும்தான் தெரிகின்றன. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் சூட்டையும் கவனிக்கவேண்டும்: சுற்றுப்புறம் 35 பாகைக்குள் இருக்கவேண்டும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. அதற்கு மேல் போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெஷின் தானாக வேகத்தைக் குறைக்கும். கடற்கரைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். பின்பக்கத்தால் காற்றை உறிஞ்சுகிற சாமான், உப்பையும் மணலையும் சேர்த்து உறிஞ்சும்.

பற்றரிக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1989இல் நின்டெண்டோவின் 'கேம் போய்' என்ற கைக் கன்சோல் வந்தபோது அதற்கு நிறத் திரை கிடையாது, திரைக்குப் பின்னால் வெளிச்சமும் கிடையாது. போட்டிக்கு வந்த அட்டாரி லிங்க்ஸ், சேகா கேம் கியர் இரண்டிலும் இரண்டும் இருந்தன. ஆனால் அவை ஆறு பென் பற்றரியைச் சில மணித்தியாலத்தில் தின்றுவிடும். கேம் போய் நான்கு பற்றரியில் நாள்கணக்கில் ஓடும். ஜெயித்தது கேம் போய். அதை உருவாக்கிய குன்பெய் யோகோயி, புதுத் தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாமல், பழகி மலிந்துபோன தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பாவிக்கவேண்டும் என்ற கொள்கைக்காரர்.

ஸ்டீம் டெக்கில் அந்தக் கணக்கை நீங்களே போடலாம். பற்றரி 50 வாட்-மணி. பெரிய கேம் ஒன்று 25 வாட் இழுத்தால் இரண்டு மணித்தியாலம். வலப்பக்கம் மூன்று புள்ளி உள்ள பட்டனை அழுத்தி, திரையில் விநாடிக்கு 45 படம் மாறினால் போதும் என்று கட்டுப்படுத்தினால் இழுவை குறைந்து நேரம் நன்றாகவே கூடும். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. சின்னக் கேம்கள் 10 வாட்டுக்குள் அடங்கும், அப்படியானால் ஐந்து மணித்தியாலம். பவர் பேங்க் வாங்குவதென்றால் 45 வாட் கொடுக்கக்கூடியதாகப் பாருங்கள். போனுக்கு வாங்கியவை பெரும்பாலும் போதாது.

போனில் இல்லாத கேமா என்று உங்கள் மனைவி கேட்பது நியாயமான கேள்வி. போனில் கேம் நிறைய இருக்கிறது, இலவசமாகவும் இருக்கிறது. ஆனால் அந்த இலவசக் கேம்களில் பெரும்பாலானவற்றுக்கு முடிவே இல்லை. முடிந்துவிட்டால் விளம்பரம் காட்ட முடியாது, கேமுக்குள் செலவழிக்கிற 'வைரம்' விற்க முடியாது. 'இன்றைய பரிசை எடுக்க வா' என்று காலையிலேயே கூப்பிடும். காசு கொடுத்து ஒருமுறை வாங்குகிற கேம் அப்படிக் கூப்பிடுவதில்லை, அதைச் செய்தவருக்கு வரவேண்டியது வந்துவிட்டது. ஆனால் உங்கள் மனதில் இருப்பது டச் பே கடற்கரைப் பக்கம் பெடியன்கள் கூடி விளையாடுகிற மாதிரியான துப்பாக்கிச் சண்டை என்றால் போனோடேயே இருங்கள். ஃபோர்ட்நைட், கோல் ஆஃப் டியூட்டி மாதிரியான ஒன்லைன் கேம்கள் ஸ்டீம் டெக்கில் ஓடாது. உள்ளே இருக்கிற இயங்குதளம் விண்டோஸ் அல்ல, லினக்ஸ். விண்டோஸ் கேம்களை புரோட்டோன் என்ற மென்பொருள் ஓட வைக்கிறது, ஆச்சரியமாகவே ஓட வைக்கிறது. ஆனால் கள்ள ஆட்டத்தைப் பிடிக்க அந்தக் கேம்களோடு வருகிற காவல் நிரல்கள் லினக்ஸை ஏற்பதில்லை.

மனைவிக்கு 'வெண்பா'வைக் காட்டுங்கள். டொரன்டோவில் செய்து 2023இல் வந்த கேம். 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மா விட்டுப்போன சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்த இடங்களை ஊகித்துச் சமைக்கவேண்டும். இட்லித் தட்டை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று திரைக்கு முன்னால் யோசித்துக்கொண்டிருந்த என்னை என் மனைவி பார்த்த பார்வை வேறு. பிறகு அவவே வாங்கி அடுக்கிக் காட்டினா. இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஸ்டீமில், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம் என்று ஒரு விதி உண்டு. இந்தக் கேமில் அதைச் செய்துவிடாதீர்கள், பாவம் கிடைக்கும். ஸ்விட்சிலும் இருக்கிறது.

ஸ்விட்ச் 2-ஐ நான் கடையில் கையில் எடுத்துப் பார்த்ததோடு சரி. 2025 ஜூனில் வந்தது, திரை 7.9 அங்குலம், ஸ்டீம் டெக்கை விட மெல்லியது, பாரமும் குறைவு. இரண்டு பக்கக் கட்டுப்பாட்டையும் கழற்றி ஆளுக்கொன்றாகப் பிடித்து இரண்டு பேர் விளையாடலாம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து விளையாடவேண்டும் என்றால் அதுதான் சரி. ஆனால் கேம்கள் விலை. 'மரியோ கார்ட் வேர்ல்ட்' அமெரிக்காவில் 80 டொலர். ஸ்டீமில் வருடத்தில் சில தடவை பெரிய மலிவு விற்பனை வரும், சில வருடங்களுக்கு முன் வந்த நல்ல கேம்கள் ஐந்து, பத்து டொலருக்குக் கிடைக்கும். நீங்கள் தனியாளாக, இரவில் பிள்ளைகள் படுத்த பிறகு விளையாடப்போகிறீர்கள் என்றால் ஸ்டீம் டெக். எனக்கு அதில் சந்தேகமில்லை.

டேட்டாவையும் யோசியுங்கள். பெரிய கேம் ஒன்று 100 ஜிபியைத் தொடும். போன் டேட்டாவில் அதை இறக்கினால் மாதச் செலவு எகிறும். ஒபிசில் கேம் விளையாடுகிற ஆள் யாராவது இருந்தால் பிடித்து வையுங்கள் (பெயரை மறைத்ததன் பயன் போய்விடும், பரவாயில்லை). ஒரே வைஃபையில் இருக்கும் இன்னொரு கணினியில் அந்தக் கேம் இருந்தால், இணையத்தில் இறக்காமல் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும் வசதி ஸ்டீமில் 2023 முதல் இருக்கிறது. கேமை நீங்களும் வாங்கியிருக்கவேண்டும்.

ஸ்விட்ச் 2 என்று முடிவெடுத்தால், நானா கேம் கார்ட் வாங்கும்போது பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சில பெட்டிகளில் 'கேம்-கீ கார்ட்' என்று போட்டிருக்கும். அந்தக் கார்டுக்குள் கேம் இல்லை, திறவுகோல்தான் இருக்கிறது. முழுக் கேமையும் மூதூரில் வைத்து நீங்கள்தான் இறக்கவேண்டும். மெமரி கார்டும் மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் வகையாக இருக்கவேண்டும், பழைய கார்டில் கேம் ஏற்ற முடியாது.

எதை வாங்கினாலும் அங்கேயே திறந்து, இணையத்தில் பூட்டி, அப்டேட் எல்லாம் போட்டு, எல்லாப் பட்டனையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே வந்த பிறகு மாற்றிக்கொடுக்க யாருமில்லை. பில்லைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், சுங்கத்தில் கேட்டால் காட்டலாம். லிதியம் பற்றரி உள்ள சாமான், பெரிய பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் கொண்டுவரவேண்டும். சார்ஜர் மூன்று சதுரக் கால் உள்ளதாக இருந்தால் நல்லது. உங்கள் வீட்டில் இன்னும் வட்டத் துளைப் பிளக் என்றால் ஒரு அடப்டர் வாங்கி வையுங்கள்.