கால்நடை கேள்வி பதில்: எதுக்கு யாரக் கூப்பிடணும்?

கன்னு போட்ட மறுநாள் எங்க ஜெர்சி கிராஸ் மாடு எந்திரிக்கல, கழுத்த விலாப் பக்கம் மடக்கிப் போட்டுக்கிச்சு. ஊர் கிளை நிலையத்து டாக்டருக்கு போன் போட்டா, கால்சியம் நான் ஏத்த மாட்டேன், ஆஸ்பத்திரி டாக்டரக் கூப்பிடுங்கனுட்டாரு. அவர் வந்து ஏத்தி மாடு பொழச்சிருச்சு, ஆனா எனக்கு கோவம் போகல. – வாசகர், ராசிபுரம்

கோவத்த விட்ருங்க அண்ணே, அவர் செஞ்சது சரி. கிளை நிலையத்துல இருக்குறவரு கால்நடை ஆய்வாளர், டாக்டர் இல்ல. சினை ஊசி, தடுப்பூசி, முதலுதவி இதெல்லாம் அவர் வேலை, கிராமத்துல பாதிப் பேரு அவரத்தான் டாக்டர்னு கூப்பிடுவாங்க, அவரும் எத்தன பேர்கிட்டதான் மறுத்துச் சொல்லுவாரு. டாக்டர்னா அஞ்சரை வருஷம் பிவிஎஸ்சிங்கற கால்நடை மருத்துவப் படிப்பு படிச்சு கால்நடை மருத்துவ கவுன்சில்ல பதிவு பண்ணவரு. 1984 இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி வைத்தியம் அவர்தான் பாக்கணும், சின்னச் சின்ன சிகிச்சைய மட்டும் மத்தவங்க அவர் மேற்பார்வையில செய்யலாம்.

உங்க மாட்டுக்கு வந்தது பால் காய்ச்சல்தான்னு தோணுது, அதாவது கன்னு போட்டதும் ரத்தத்துல கால்சியம் கொறஞ்சு போறது, காதத் தொட்டுப் பாத்திருந்தா ஜில்லுன்னு இருந்திருக்கும். கால்சியம் நரம்புல வேகமா ஏறுனா இதயமே நின்னுரும், அதான் டாக்டர் ஒரு கையில பாட்டில ஏத்தி எறக்கிக்கிட்டே ஸ்டெத்த நெஞ்சுலயே வச்சிருப்பாரு. டாக்டர் வர்ற வரைக்கும் மாட்ட ஒருக்களிச்சு சாய விடாம நெஞ்சு தரையில படியுற மாதிரி நிமுத்தி, பக்கத்துல வைக்கோல் மூட்டய முட்டுக் குடுங்க. வாயில தண்ணி, எண்ணெய் எதுவும் ஊத்தாதீங்க, அந்த நேரத்துல முழுங்க முடியாம நுரையீரலுக்குப் போயிரும். கால்நடை ஆம்புலன்ஸ் போன் நம்பர் 1962-க்கும் அடிச்சுப் பாக்கலாம். அடுத்த ஈத்துக்கும் இது வரலாம், இப்பவே டாக்டர்கிட்ட சொல்லி வைங்க.

பூனைக்கு காய்ச்சல், எங்க டாக்டர் போன்ல மருந்து பேரு சொல்ல மாட்டேங்குறாரு. வீட்ல இருக்குற பாராசிட்டமால்ல பாதி குடுக்கலாமா? – வாசகி, மதுரை

ஐயோ, குடுத்துராதீங்கம்மா! அது பூனைக்கு விஷம், பாதி மாத்திரையே போதும் உயிரெடுக்க. ஏற்கனவே குடுத்துட்டீங்கன்னா ஈறு நீலமாவோ பழுப்பாவோ மாறுற வரைக்கும் காத்திருக்காம இப்பவே தூக்கிட்டு ஓடுங்க. பாக்காம மருந்து சொல்லாத டாக்டர விட்ராதீங்க.

புதுசா கிளினிக் போட்டிருக்கேன் சார். ராத்திரி போய் வைத்தியம் பாத்தும் மாடு செத்துட்டா பீஸ் தர மாட்டேங்குறாங்க, கேட்டா சண்டை. – இளம் டாக்டர், தர்மபுரி

ஊசி போட்டப்புறம் காசு பேசுனா சண்டதான் தம்பி. மாட்டப் பாத்ததும் பொழைக்குமா பொழைக்காதா, எவ்வளவு ஆகும்னு வீட்டுக்காரம்மா முன்னாடியே சொல்லிருங்க, ஏன்னா பால் காசு அவங்க கையில. வெப்பநிலை, போட்ட மருந்து, நேரம் எல்லாத்தையும் சீட்டுல எழுதி நகல் வச்சுக்குங்க. ஆன்டிபயாடிக் போட்டா எத்தன நாளு பால் சொசைட்டிக்கு ஊத்தக் கூடாதுங்கறதையும் அதே சீட்டுல பெருசா எழுதிக் குடுங்க, இதத்தான் நம்மாளுங்க நெறைய பேரு வாயால சொல்லிட்டு வந்துர்றாங்க.