பொம்மையின் கையில் சாவி எதற்கு?

சென்ற இதழில், ரோம் நகரத்து இளம்பெண் கிரெபெரேயா திரிஃபேனாவோடு கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் புதைக்கப்பட்ட தந்தப் பொம்மையைப் பற்றி ஒரு பதிலில் நாலு வரி எழுதியிருந்தேன். அரசியல், சமையல், மூட்டுவலி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வாசகர்கள் அந்தப் பொம்மையையே பிடித்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இந்த வாரம் முழுக்கப் பொம்மைதான்.

கேள்வி: கல்லறையைத் திறந்தபோது அந்தப் பெண்ணின் கூந்தல் நீளமாக வளர்ந்திருந்ததாக ஒரு வீடியோவில் சொன்னார்களே, உண்மையா? (மன்னார்குடி வாசகர்)

செத்தவர் தலையில் முடி வளராது ஐயா. அங்கே வளர்ந்தது நீர்ச்செடி. 1889 மே மாதம், டைபர் ஆற்றின் வலக்கரையில் ஹாட்ரியன் பேரரசனின் சமாதிக்கு அருகே, நீதிமன்றக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். இரண்டு பளிங்குச் சவப்பெட்டிகள் கிடைத்தன. ஒன்றில் கிரெபெரேயா திரிஃபேனா என்ற பெயர், மற்றதில் லூசியஸ் கிரெபெரேயஸ் யூஹோடஸ் என்ற பெயர். மே 12ஆம் தேதி பெண்ணின் பெட்டியைத் திறந்தபோது தொல்லியல் அறிஞர் ரொடோல்ஃபோ லான்சியானி அருகில் இருந்தார். உள்ளே நீர் கசிந்து நிரம்பித் தெளிந்து கிடந்தது. மண்டையோட்டில் முளைத்திருந்த நீர்ச்செடியின் நீண்ட இழைகள் அதில் அலைந்தன. பார்த்தவர்கள் கூந்தல் என்றார்கள், சுற்றுவட்டாரமே திரண்டுவிட்டது.

அது செடி என்று லான்சியானியே எழுதிவைத்துவிட்டார். நேரில் பார்த்தவர் மறுத்த கதையை இத்தனை ஆண்டு கழித்து வீடியோவில் விற்கிறார்கள். தலை இடத்தோள் பக்கமாக, பொம்மை கிடந்த பக்கமாகச் சாய்ந்திருந்தது என்பதையும் அவர்தான் சொன்னார். நீரே அப்படித் திருப்பியிருக்கலாம். அதை வைத்து நான் கண்ணீர் விடப் போவதில்லை. பொம்மையைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: நம் மரப்பாச்சி போல இருக்குமா? கை கால் அசையுமாமே? (கோவில்பட்டி வாசகி)

மரப்பாச்சி ஒரே கட்டையில் செதுக்கியது. எத்தனை புடவை சுற்றினாலும் விறைத்துத்தான் நிற்கும். இவள் உட்காருவாள், கையை நீட்டுவாள், முழங்காலை மடக்குவாள். உயரம் ஏறத்தாழ 23 செ.மீ. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் தனித்தனித் துண்டுகள். ஒரு துண்டின் முனையில் நாக்கு, அடுத்ததில் அதற்கேற்ற பிளவு, இரண்டையும் கோத்துக் குறுக்கே ஒரு முளை. தச்சருக்குப் பழகிய வேலைதான் என்றாலும் அதை விரல் பருமன் தந்தத்தில் செய்து பாருங்கள்! துளை மயிரிழை விலகினால் தந்தம் பிளந்துவிடும், முளை தளர்ந்தால் கால் தொங்கும், இறுகினால் அசையாது. இந்த வேலையைச் செய்த கைக்காரனின் பெயரை ஒருவரும் குறித்துவைக்கவில்லை. அதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

நெடுங்காலம் நீரில் கிடந்து கறுத்துப்போனதால் லான்சியானி அதை ஓக் மரம் என்றே எழுதினார். தந்தம் என்பது பிறகுதான் உறுதியாயிற்று.

முகத்தை விடத் தலையைப் பாருங்கள். கூந்தலைப் பின்னி உச்சியில் சுற்றிவைத்த கொண்டை. ஃபாஸ்டினா என்ற பெயரில் தாயும் மகளுமாக இரண்டு பேரரசிகள் இருந்தார்களே, அவர்கள் காலத்துச் சிலைகளிலும் நாணயங்களிலும் காணும் அலங்காரம் அது. பொம்மை இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்று சொல்வதற்கு அந்தக் கொண்டை ஒரு முக்கியச் சான்று. இன்னொன்று: இது குழந்தைப் பொம்மை இல்லை. மார்பும் இடுப்புமாக, முழுதாக வளர்ந்த பெண். உடுத்தியிருந்த துணி மக்கிப் போய்விட்டது.

கேள்வி: பொம்மையின் கையில் சாவி இருந்ததாக எழுதியிருந்தீர்கள். பொம்மைக்கு எதற்குச் சாவி? (பாளையங்கோட்டை வாசகி)

வந்த கடிதங்களில் உருப்படியான கேள்வி இதுதான். அது சின்னஞ்சிறு தங்க மோதிரம்; அதோடு ஒட்டியபடி ஒரு சாவி. ரோமானியர் உடையில் பை கிடையாது. ஆகவே சிறு பெட்டிகளின் சாவியை மோதிரமாகவே செய்து விரலில் மாட்டிக்கொண்டார்கள். பெரியவர்கள் அணிந்த அப்படிப்பட்ட சாவி மோதிரங்கள் வெண்கலத்திலும் இரும்பிலும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. பொம்மையோடு ஒரு குட்டிப் பேழையும், சீப்பும், முகம் பார்க்கும் கண்ணாடியும் இருந்தன.

ரோமானிய வீட்டில் சாவி இல்லத்தரசியின் கையில் இருந்தது. மணமுறிவென்றால் கணவன் அதைத் திருப்பி வாங்கிக்கொள்வான். ரோமானியத் தளபதி மார்க் ஆன்டனி ஒரு நடிகையைத் துரத்தியதைக் கிண்டல் செய்யும்போது, ஏதோ சட்டப்படி மணந்தவளை விலக்குவதுபோல அவளிடம் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பினான் என்று அக்காலப் பேச்சாளர் சிசரோ நையாண்டி செய்கிறார். அப்படியானால் இந்தப் பொம்மை யார்? வீட்டை ஆளும் பெண். பேரரசியைப் போலக் கொண்டை, விரலில் சாவி, பூட்டிவைக்க நகைப்பேழை. நீ வளர்ந்து இப்படி ஆக வேண்டும் என்று சிறுமியின் மடியில் உட்காரவைத்த பாடம். ‘அந்தக் காலத்து பார்பி’ என்று இதற்குத் தலைப்புப் போடுகிறவர்கள் சாவியைக் கவனிக்கவே இல்லை. நானும் வகுப்பில் ரோமானியக் குடும்பம் என்றால் சட்டம், வாரிசு, தத்து என்றுதான் நடத்தினேன். பாடநூலில் அவ்வளவுதான் இருந்தது.

கேள்வி: திருமணத்துக்கு முன்பே இறந்தவளா? ஃபிலேத்துஸ் அவள் காதலனா? (ஈரோடு வாசகர், வயது 19)

வயதைக் குறிப்பிட்டதற்கு நன்றி தம்பி, கேள்வியின் காரணம் புரிகிறது.

ரோமானியச் சட்டப்படி பெண்ணுக்கு மண வயது 12. மணத்துக்கு முன் பெண்கள் தங்கள் விளையாட்டுப் பொருள்களைத் தெய்வத்துக்குக் காணிக்கையாக்குவது வழக்கம். வீனஸ் தேவிக்குக் கன்னியர் அளிக்கும் பொம்மைகளைக் கவிஞர் பெர்சியஸ் குறிப்பிடுகிறார். இவள் இருபது வயதை ஒட்டியவள், பொம்மை இன்னும் கூடவே இருக்கிறது. மணமாகாதவள் என்று ஊகிப்பதில் நியாயம் இருக்கிறது. தலையில் மிர்ட்டில் இலைக் கிரீடமும் இருந்தது. மிர்ட்டில் வீனஸுக்கு உரிய செடி.

ஃபிலேத்துஸ் விஷயம் வேறு. அவள் மோதிரங்களில் ஒன்றில் கோத்த இரு கைகள், இன்னொன்றில் இந்தப் பெயர். இரண்டையும் சேர்த்து நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை என்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கவிஞர் ஜியோவன்னி பாஸ்கோலி லத்தீன் மொழியில் அவளைப் பற்றிக் கவிதையே எழுதினார். கவிஞருக்கு அது போதும். எனக்கு ஒரு மோதிரம் சாட்சியாகாது. குடும்பத்தைப் பற்றி வேண்டுமானால் கொஞ்சம் சொல்லலாம்: திரிஃபேனா, யூஹோடஸ் இரண்டும் கிரேக்கப் பெயர்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் வழிவந்த குடும்பமாக இருக்கும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பேரரசியின் கொண்டை வைத்த பொம்மை அப்படிப்பட்ட வீட்டில் இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஏழை வீட்டுப் பிள்ளைகள் எதை வைத்து விளையாடினார்கள்? (சிவகாசி வாசகி)

துணிப் பொம்மை. எகிப்தின் வறண்ட மண்ணில் ரோமானியர் காலத்துத் துணிப் பொம்மை ஒன்று மக்காமல் கிடைத்தது. இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மேலே நார்த்துணி, உள்ளே கந்தலும் பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டுகளும். தந்தக்காரியை விட இவள்மேல் எனக்குப் பிரியம் அதிகம்.

கேள்வி: தந்தம் நம் பக்கத்திலிருந்து போனதா? எரிமலையில் புதைந்த ரோமானிய நகரம் பாம்பெயில் (Pompeii) லட்சுமி பொம்மைகூடக் கிடைத்ததே? (நாகர்கோவில் வாசகர்)

ரோமுக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தந்தம் போயிற்று. இதே இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஆவணம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. சேரநாட்டு முசிறியோடு நடந்த வணிகம் பற்றியது. ‘ஹெர்மபோலோன்’ என்ற கப்பலின் சரக்குக் கணக்கில் தந்தம் இடம்பெறுகிறது. ஆகவே உங்கள் ஆசைக்கு இடமுண்டு. அதற்குமேல் பெருமை பேச வேண்டாம்.

பாம்பெயில் 1938இல் கிடைத்தது இந்தியத் தந்தச் சிற்பம்தான், ஆனால் விளையாட்டுப் பொம்மை அல்ல. உச்சியில் துளை இருக்கிறது. ஏதோ மரச்சாமானின் காலாகவோ கண்ணாடியின் பிடியாகவோ இருந்திருக்க வேண்டும். லட்சுமி என்பதும் முதலில் வைத்த பெயர்தான், யட்சி என்பாரே இன்று அதிகம். இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் கிரெபெரேயாவின் பொம்மையைப் பார்க்க ரோமிலுள்ள சென்ட்ராலே மோன்டெமார்டினிக்குப் போக வேண்டும். அது பழைய மின்நிலையம், 1912இல் தொடங்கப்பட்டது. ராட்சத டீசல் எஞ்சின்களுக்கு நடுவே பளிங்குச் சிலைகளை நிறுத்தியிருக்கிறார்கள்.

கேள்வி: இணையத்தில் ‘ரோமானியத் தந்தப் பொம்மை’ நாற்பதாயிரம் ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா? (கோவை வாசகர்)

கூடாது. அது போலி என்றால் பணம் போயிற்று. தேயிலைச் சாற்றில் ஊறினால் எலும்பும் பிளாஸ்டிக்கும் ஒரே வாரத்தில் கிழடு தட்டிவிடும். தந்தமே என்றால் இன்னும் மோசம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் தந்த வணிகம் குற்றம். 1991 திருத்தத்துக்குப் பிறகு இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் விலக்கு இல்லை. பேத்திக்குப் பரிசளிக்கத்தான் என்று கடிதத்தின் கீழே குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பொம்மை வேண்டும் என்று முதலில் அவளைக் கேட்டீர்களா?