கப்பலின் தனிச் சூட் அறையில் நண்பர்களை உபசரிப்பது: கேள்வி பதில்

பாலாற்றில் தண்ணீர் ஓடினாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் ஊர்க்காரர்கள் நாம். ஆனால் 2022 ஜூன் மாதம் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கிய பிறகு, கப்பல் பயணம் பற்றிய பேச்சு காட்பாடி ரயில் நிலையத்து நடைமேடையிலும் கேட்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் சென்று அங்கே கப்பல் ஏறுவோரும் பெருகியிருக்கிறார்கள். வெளிநாட்டுக் கப்பல்களில் முதலில் அறைப் பணியாளனாகவும், பின்னர் சூட் எனப்படும் பெரிய சொகுசு அறைகளின் பட்லராகவும் (அந்த அறைகளுக்கென்றே உள்ள தனிப் பணியாளர்) பதினொரு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற முறையில், பழைய வட ஆற்காட்டின் பல ஊர்களிலிருந்து எனக்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஆம்பூர்): எம்எஸ்சி நிறுவனக் கப்பல் ஒன்றில் யாட் கிளப் சூட் பதிவு செய்திருக்கிறேன். உடன் வரும் மூன்று நண்பர் குடும்பங்கள் சாதாரண பால்கனி அறைகளில் இருப்பார்கள். யாட் கிளப்பின் தனி லவுஞ்சுக்கும் (ஓய்வுக்கூடம்) உணவகத்துக்கும் அவர்களை என் விருந்தினர்களாக அழைத்துச் செல்லலாமா?

பதில்: அங்கே அழைத்துச் செல்லக் கூடாது, உங்கள் அறைக்குத் தாராளமாக அழைக்கலாம். 2008இல் எம்எஸ்சி ஃபான்டாசியா கப்பலில் தொடங்கிய யாட் கிளப், நார்வீஜியன் நிறுவனத்தின் ஹேவன், செலிபிரிட்டி நிறுவனத்தின் ரிட்ரீட், கென்டிங் ட்ரீம் கப்பலின் பேலஸ் ஆகிய அனைத்தும் ஒரு பெரிய கப்பலுக்குள் அமைந்த சிறிய கப்பல் போன்றவை. அவற்றின் லவுஞ்ச், நீச்சல்குளம், உணவகம் ஆகியவை சூட் எடுத்தவர்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டுக் கட்டப்பட்டவை என்பதால், அவர்களுடைய அறைச் சாவி அட்டைக்கு மட்டுமே கதவு திறக்கும். குனார்டு நிறுவனத்தின் குயின் மேரி 2 கப்பலில் நீங்கள் எந்த வகை அறையை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே எந்த உணவகத்தில் சாப்பிடுவீர்கள் என்பதும் முடிவாகிறது.

கல்யாண மண்டபத்தில் நமக்கென்று எடுத்த அறையில் எத்தனை உறவினரை உட்கார வைத்துப் பேசினாலும் யாரும் கேட்கப் போவதில்லை; ஆனால் பக்கத்து மண்டபத்துப் பந்தியில் நம் ஆட்களை உட்கார வைக்க நமக்கு உரிமை கிடையாது. தனி லவுஞ்ச் என்பது பக்கத்து மண்டபத்துப் பந்தி. நான் வேலை செய்த ஒரு கப்பலில், நல்ல மனம் படைத்த ஒருவர் தம் அட்டையால் கதவைத் திறந்து எட்டு நண்பர்களை உள்ளே அழைத்து வந்தார். மாலைத் தேநீர் நேரம் அது. சற்று நேரம் கழித்துக் கைத்தடியுடன் வந்த ஒரு முதிய தம்பதிக்கு உட்கார இடமில்லை. அந்த எட்டு பேரையும் எழுப்பி வெளியே அனுப்பும் வேலை என்னிடம் வந்தது. அவர்கள் யாரும் தவறாக நடக்கவில்லை. அழைத்து வந்தவர்தான் அவர்களை அந்த நிலையில் வைத்தார். அவமானம் முழுவதும் விருந்தினருக்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நண்பர்கள் அந்த இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டால், கூட்டமில்லாத காலை வேளையில் ஐந்து நிமிடம் சுற்றிக் காட்டலாமா என்று கன்சியர்ஜிடம் (சூட் விருந்தினரின் தேவைகளைக் கவனிக்கும் உதவியாளர்) முன்கூட்டியே, தனியாகக் கேளுங்கள். கதவருகில் நண்பர்களை நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். முடியாது என்றால் இரண்டாம் முறை கேட்காமல் விட்டுவிடுங்கள். சேர்ந்து சாப்பிட வேண்டுமென்றால் நீங்கள் அவர்கள் சாப்பிடும் பொது உணவகத்துக்குப் போகலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை. கட்டண உணவகம் ஒன்றில் பெரிய மேசையைப் பதிவு செய்து நீங்களே பணம் கட்டுவது அதைவிடச் சிறந்த உபசரிப்பு.

கேள்வி (ராணிப்பேட்டை): நாம் அழைக்காவிட்டாலும் "எங்களையும் அந்த லவுஞ்சுக்குக் கூட்டிப் போ" என்று உரிமையோடு கேட்கும் நண்பரிடம் எப்படி மறுப்பது?

பதில்: விதியின் மேல் பழியைப் போட்டுவிட்டு, உடனே வேறொன்றைக் கொடுங்கள். "அந்தக் கதவு எங்கள் அட்டைக்கு மட்டும்தான் திறக்கும், நீங்கள் ஆறு மணிக்கு எங்கள் அறைக்கு வந்துவிடுங்கள், சேர்ந்தே கீழே போய்ச் சாப்பிடலாம்" என்று சொன்னால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். மறுப்பைவிட அதிகமாகப் புண்படுத்துவது, லவுஞ்சில் என்ன சாப்பிட்டோம், யார் எப்படிக் கவனித்தார்கள் என்று மறுநாள் வர்ணிப்பது. அதைச் செய்யாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை எழாது.

கேள்வி (குடியாத்தம்): எங்கள் திருமண வெள்ளி விழாவைக் கப்பலிலேயே, எங்கள் சூட்டில் பத்துப் பன்னிரண்டு நண்பர்களுடன் கொண்டாட விரும்புகிறோம். என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: கப்பல் ஏறிய முதல் நாளே பட்லரிடம் சொல்லிவிடுங்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அவர்களில் எத்தனை பேர் சைவம் என்ற நான்கு தகவல்கள் போதும். கேக், சிற்றுண்டி, கூடுதல் நாற்காலி, கண்ணாடிக் குவளைகள் ஆகியவற்றுக்கு அவர் ஏற்பாடு செய்வார். எதற்குக் கட்டணம், எது சூட்டுக்குரிய சலுகை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தைப் பொறுத்தவரை இரவு உணவுக்கு முந்தைய ஒன்றரை மணி நேரமே சிறந்தது. எல்லோரும் சாப்பிடப் போக வேண்டியிருப்பதால் விருந்து தானாகவே முடிந்துவிடும். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும் விருந்து எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அறைகளுக்கு இடையிலான சுவர்கள் நம் வீட்டுச் செங்கல் சுவர்கள் அல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நம் வழக்கப்படி விளக்கேற்றுவதும், கற்பூரம் காட்டுவதும், ஊதுபத்தி கொளுத்துவதும், கேக்கின் மேல் மெழுகுவர்த்தி வைப்பதும் அறைக்குள் கூடவே கூடாது. கடல் நடுவில் தீயணைப்பு வண்டி வராது. அதனால் கப்பல்காரர்கள் புயலைவிடத் தீக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். பேட்டரியில் எரியும் சிறு விளக்கை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். பூமாலை வேண்டுமென்றால் கப்பலிலேயே பூ ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்; மல்லிகையைக் கையோடு கொண்டு போனால் ஏறும் இடத்திலோ இறங்கும் நாட்டிலோ பறிமுதல் செய்யப்படலாம்.

கேள்வி (சத்துவாச்சாரி): நண்பர்கள் அறைக்கு வந்து குடிக்கும் பானங்களுக்கு யார் பணம் தருவது? என்னிடம் பானத் தொகுப்பு (முன்பே பணம் கட்டிப் பயணம் முழுவதும் பானம் பெறும் திட்டம்) இருக்கிறது.

பதில்: பானத் தொகுப்பு என்பது ஓர் ஆளுக்கு விற்கப்படுவது. அதை வைத்து மற்றவருக்கு வாங்கித் தருவது எல்லா நிறுவனங்களிலும் விதிமீறல். ஒரே அறையில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் தொகுப்பு வாங்கினால் மற்றவர்களும் வாங்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கட்டாயப்படுத்துவதும் இந்தப் பகிர்வைத் தடுக்கத்தான். பட்லர் கண்டுபிடிக்க மாட்டார் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் அரைமணியில் ஆறு குவளை கேட்டால் யாருக்கும் புரியும். பார்த்தும் பார்க்காதது போல் இருப்பதா, மேலதிகாரியிடம் சொல்வதா என்ற தர்மசங்கடத்தில் அவரை நிறுத்தாதீர்கள்.

நேர்மையான வழி எளிது. அழைத்தவர் நீங்கள் என்றால் செலவும் உங்களுடையது. பணியாளரிடம் முதலிலேயே "இவர்கள் எடுப்பதை என் கணக்கில் எழுதுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். கப்பலில் எதையும் ரொக்கம் கொடுத்து வாங்குவதில்லை. எல்லாம் அட்டைக் கணக்கில் ஏறும், அதோடு பானத்தின் விலை மேல் 18 முதல் 20 சதவீதம் வரை சேவைக் கட்டணமும் பல கப்பல்களில் சேரும். அவ்வளவு செலவு தாங்காது என்றால் தேநீருக்கும் பலகாரத்துக்கும் அழையுங்கள். குடி இல்லாவிட்டால் விருந்தாகாது என்ற நினைப்பு எனக்குப் பிடிக்காதது. அது என் சொந்தக் கருத்து. அறையிலுள்ள சிறு குளிர்பதனப் பெட்டியான மினிபாரிலும் கவனம் தேவை. யாட் கிளப் போன்ற இடங்களில் அது கட்டணத்துக்குள் அடங்கியிருக்கலாம். வேறு கப்பல்களில் ஒரு பாட்டில் தண்ணீருக்கும் விலை இருக்கும். நண்பரின் மகன் எடுத்த சாக்லேட்டுக்குக் கடைசி நாளில் அவரிடம் பணம் கேட்பது அழகல்ல. முன்பே பெட்டியைக் காலி செய்து வைக்கும்படி பணியாளரிடம் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சே வராது.

கேள்வி (வாணியம்பாடி): நண்பர்களுக்குக் கொடுக்க ஆம்பூர் பிரியாணியும் ஆற்காடு மக்கன் பேடாவும் எடுத்துச் செல்லலாமா? சிறிய மின்சார குக்கர் ஒன்றும் கையில் இருக்கிறது.

பதில்: பிரியாணி வேண்டாம். சமைத்த உணவையும் வீட்டில் செய்த பண்டங்களையும் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை. இறைச்சியை எடுத்துக்கொண்டு வேறொரு நாட்டில் இறங்குவது தனிச் சிக்கல். சீரகச் சம்பா பிரியாணியைப் பாராட்ட வேண்டுமென்றால், கப்பல் ஏறப் போகும் வழியில் ஆம்பூரிலேயே நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மக்கன் பேடா பாகில் ஊறிய பண்டம். டப்பா சாய்ந்தால் உங்கள் பட்டுப்புடவைகள் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். கடையில் மூடி முத்திரையிட்ட உலர்ந்த முறுக்கு, மிக்சர், கடலை மிட்டாய் போன்றவை பெரும்பாலும் அனுமதிக்கப்படும். குக்கர், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சூடாக்கும் கம்பி ஆகிய எதுவும் ஆகாது. பரிசோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு பயண முடிவில்தான் திருப்பித் தருவார்கள்.

கேள்வி (ஆரணி): பேசிக்கொண்டே நேரமானால் நண்பர் எங்கள் சூட்டின் சோபாவிலேயே தூங்கிவிடலாமா?

பதில்: கூடாது. அவசரக் காலத்தில் எந்த இடத்தில் கூட வேண்டும், எந்த உயிர்காப்புப் படகில் ஏற வேண்டும் என்பது அவரவர் அறையை வைத்தே ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா கப்பல் இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதி 32 பேர் உயிரிழந்தபோது, அன்று ஏறிய பயணிகளுக்கு அவசரக் காலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்டவுடனோ பயிற்சியை முடிக்க வேண்டும் என்ற விதி வந்தது. நண்பரை அவருடைய அறைக்கே அனுப்பி வையுங்கள்.

கேள்வி (திருப்பத்தூர்): வழியனுப்ப வரும் உறவினர்களைக் கப்பலில் ஏற்றி எங்கள் சூட்டைக் காட்டிவிட்டு இறக்கிவிடலாமா?

பதில்: அந்தக் காலம் போய்விட்டது. 2004 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் சர்வதேசத் துறைமுகப் பாதுகாப்பு விதிகளுக்குப் பிறகு, பயணச்சீட்டு இல்லாதவரை நினைத்தவுடன் ஏற்ற முடியாது. காணொளி அழைப்பில் காட்டுங்கள்.

கேள்வி (வேலூர் கோட்டைப் பகுதி): இரண்டு படுக்கையறை உள்ள சூட்டை எடுத்து, நண்பர் குடும்பத்தையும் அதிலேயே தங்க வைக்க நினைக்கிறேன். கட்டணத்தில் பங்கு கேட்பது நாகரிகமா?

பதில்: கேட்பது நாகரிகம், பதிவு செய்த பிறகு கேட்பதுதான் நாகரிகக் குறைவு. முதலிலேயே பேசிவிட்டால், உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் இதுவே மிக நல்ல தீர்வு. ஏனெனில் நீங்கள் இருவர், அவர்கள் இருவர் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சூட்டில் பதிவான நால்வரும் முழு உரிமையுள்ள சூட் விருந்தினர்கள். நால்வரின் அட்டைக்கும் லவுஞ்ச் கதவு திறக்கும். பல நிறுவனங்களில் ஓர் அறையின் முதல் இருவருக்கே முழுக் கட்டணம். மூன்றாம், நான்காம் நபருக்குக் குறைவு. இங்கேதான் மனத்தாங்கல் தொடங்குகிறது. குறைந்த கட்டணம் நண்பருக்கு, முழுக் கட்டணம் எனக்கு என்று பிரிப்பதா, மொத்தத்தைக் கூட்டி நான்கால் வகுப்பதா என்பதைச் சீட்டு கட்டும்போது கணக்கெழுதுவது போல ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். பெரிய படுக்கையறை யாருக்கு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். பெரிய அறையை எடுப்பவர் சற்று அதிகம் கொடுப்பதே நியாயம் என்பேன். பட்லருக்கான டிப்ஸ், கரையில் இறங்கிச் சுற்றும் செலவு ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டாம்.

கேள்வி (ஆற்காடு): நண்பர்கள் அடிக்கடி வந்தால் பட்லருக்குக் கூடுதலாக ஏதாவது கொடுக்க வேண்டுமா?

பதில்: கொடுப்பது நல்லது, விருந்து நடந்த அன்றே கொடுத்தால் இன்னும் நல்லது. தினசரி சேவைக் கட்டணம் சூட்டுக்குச் சற்று அதிகமாகவே கணக்கில் ஏறும். ஆனால் பன்னிரண்டு பேர் குடித்த குவளைகளைக் கழுவியவர் அன்று தம் ஓய்வு நேரத்தை இழந்திருப்பார். உறையில் போட்டு, பெயர் சொல்லி, கையில் கொடுங்கள். அறை சுத்தம் செய்பவரை மறந்துவிடாதீர்கள். பட்லர் கோட்டுப் போட்டிருப்பதால் எல்லோர் கண்ணிலும் அவரே படுவார். விருந்தினர்கள் நேரடியாகப் பட்லரை ஏவக் கூடாது. "எனக்கு ஒரு காபி" என்பதைக்கூட அழைத்தவர் வழியாகச் சொல்வதே முறை.

கேள்வி (வாலாஜாபேட்டை): விருந்துக்குக் குழந்தைகளும் வருகிறார்கள். தனியாகக் கவனிக்க ஏதேனும் உண்டா?

பதில்: பால்கனிக் கதவும் அறைக் கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. கடற்காற்று அந்த வழியே புகுந்தால் கதவு அறையும் வேகத்துக்கு விரல் தாங்காது. ஒரு சிறுமியின் கையில் நானே கட்டுப் போட்டு மருத்துவ அறைக்குத் தூக்கிச் சென்றிருக்கிறேன். பால்கனியில் நாற்காலியைக் கம்பிக்கருகில் போடாதீர்கள். எதையும் வெளியே எறியவும் கூடாது. பக்கத்துப் பால்கனியில் போய் விழும். உங்கள் நண்பரின் அறை அடுத்த அறை என்றால், இடையிலுள்ள தடுப்பைத் திறந்துவிட முடியுமா என்று பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள். பல கப்பல்களில் திறந்து தருவார்கள்.

கேள்வி (காட்பாடி): நான் சூட் எடுத்தவன் அல்லன், அழைக்கப்பட்ட நண்பன். நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்: இத்தனை கேள்விகளில் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். சொன்ன நேரத்துக்குப் போய், முடியும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே எழுந்துவிடுங்கள். சொல்லாமல் மேலும் இருவரை அழைத்துப் போகாதீர்கள். படுக்கையறைக்குள் அழைக்காமல் நுழைய வேண்டாம். படம் எடுக்கும் முன் கேளுங்கள். சூட்டின் கட்டணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், அவராகச் சொன்னாலும் உங்கள் அறையின் கட்டணத்தைச் சொல்லி ஒப்பிடாதீர்கள். பதிலுக்கு என்ன செய்வது என்று தயங்கவும் வேண்டாம். மறுநாள் காலை மேல்தளத்தில் நான்கு நாற்காலிகளைப் பிடித்து வைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, சூரிய உதயம் பார்க்க அவர்களை நீங்கள் அழையுங்கள். சூட் விருந்தினர் பலரும் தனி லவுஞ்சை விட்டுவிட்டு அங்கே வந்து உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ காலைகளில் பார்த்திருக்கிறேன்.