தவணை கட்ட முடியவில்லை என்றால் அரசு கைகொடுக்குமா?

கேள்வி: மந்தநிலை காரணமாக என் கம்பெனியில் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். வீட்டுக் கடன் வாங்கி அதிக காலம் ஆகவில்லை. இதுவரை ஒரு தவணைகூடத் தவறியதில்லை. ஆனால் அடுத்த மாதம் முதல் முழுத் தவணை கட்ட வழியில்லை. அரசிடமிருந்து ஏதாவது உதவி கிடைக்குமா? வீடு ஏலத்துக்குப் போய்விடுமோ என்று தூக்கமே வருவதில்லை.

பதில்: முதலில் உங்கள் பயத்துக்கு ஒரு வார்த்தை. ஒரு தவணை தவறியதும் எந்த வங்கியும் ஏலத்துக்கு வந்துவிடாது. இந்தியாவில் பாக்கி 90 நாளைத் தாண்டிய பிறகுதான் அது வாராக்கடன் ஆகும். அதற்கு மேல், நீதிமன்றம் போகாமலே அடகு வீட்டை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் 2023 ஜூனில் வங்கிகள் ஒப்புக்கொண்ட சாசனம், முதல் தவணை தவறியதிலிருந்து 12 மாதங்களுக்கு வீட்டைப் பறிக்கக் கூடாது என்கிறது. நாட்டுக்கு நாடு கெடு வேறுபடும், ஆனால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. அதை வீணாக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

அரசு உதவிக்கு வருகிறேன். உங்கள் தவணையை அரசே கட்டிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படி நடப்பது அபூர்வம். அரசுகள் பெரும்பாலும் செய்வது, வங்கியை உங்களுக்கு அவகாசம் கொடுக்க வைப்பது. அமெரிக்காவில் 2020 மார்ச்சில் வந்த சட்டம், மத்திய அரசின் ஆதரவு பெற்ற வீட்டுக் கடன்களுக்கு 180 நாள், கேட்டால் மேலும் 180 நாள் தவணையை நிறுத்திவைக்க உரிமை கொடுத்தது. இந்தியாவில் அதே ஆண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. பிரிட்டனில் சில அரசு உதவித்தொகைகளை வாங்குபவர்களுக்கு, கடன் வட்டிக்கான தொகையை அரசு நேராக வங்கிக்கே அனுப்புகிறது. முன்பு அது மானியமாக இருந்தது. 2018 ஏப்ரலிலிருந்து அதுவும் கடன்தான், வீட்டை விற்கும்போது திருப்பித் தர வேண்டும்.

கடனையே மாற்றி எழுதுவது இன்னொரு வழி. 1933இல் அமெரிக்க அரசு இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கி, மூழ்கும் நிலையில் இருந்த சுமார் 10 லட்சம் வீட்டுக் கடன்களை வாங்கி, நீண்ட காலத் தவணைக் கடன்களாக மாற்றிக் கொடுத்தது. அங்கேயே 2009இல் வந்த அரசுத் திட்டம், தவணை மாத வருமானத்தில் 31 சதவீதத்துக்கு மேல் போகாதபடி வட்டியைக் குறைக்கவும் காலத்தை நீட்டவும் வழி செய்தது. உங்களைப் போல வருமானம் குறைந்து, ஆனால் அடியோடு நின்றுபோகாதவர்களுக்கு இந்த வகைதான் அதிகம் பொருந்தும் என்பது என் கருத்து.

சரி, ஒத்திவைப்பு கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பலரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. நான் போட்டுக் காட்டுகிறேன்.

கடன் 30 லட்சம், வட்டி 9 சதவீதம், இன்னும் 20 ஆண்டு பாக்கி. மாதத் தவணை ஏறக்குறைய 27,000. இதில் முதல் மாதம் வட்டி மட்டும் 22,500. ஆறு மாதம் எதுவுமே கட்டாமல் விட்டு, அந்த வட்டி அசலோடு சேர்ந்தால் பாக்கி 31 லட்சத்து 37 ஆயிரத்தைத் தாண்டும். அப்புறம் பழைய தவணையையே கட்டி வந்தால், 240 தவணையில் முடிய வேண்டிய கடன் முடிய 275 தவணை ஆகும். விட்டது 6, கூடுதலாகக் கட்டுவது 35!

இப்போது அதே ஆறு மாதமும் வட்டியில் பாதியை, அதாவது 11,250ஐ மட்டும் கட்டியிருந்தால்? கூடுதல் சுமை சுமார் 16 தவணையாகக் குறைகிறது. முழு வட்டியையும் கட்டியிருந்தால் கூடுதல் தவணை எதுவுமே இல்லை, கடன் ஆறு மாதம் தள்ளி முடியும், அவ்வளவுதான். உங்களுக்குப் பாதிச் சம்பளம் வருகிறது. அதனால் "முழுவதும் நிறுத்திவையுங்கள்" என்று கேட்காதீர்கள். "இவ்வளவு என்னால் கட்ட முடியும், மீதியைத் தள்ளிவையுங்கள்" என்று கேளுங்கள். கடன் வாங்கிய தொடக்க ஆண்டுகளில் தவணையில் பெரும்பகுதி வட்டிதான் என்பதால், இந்த வித்தியாசம் உங்களுக்கு ரொம்பவே பெரியது. முழுத் தவணைக்கு வழியில்லை என்பதற்காகக் கையில் இருப்பதையும் கட்டாமல் விட்டுவிடாதீர்கள்.

வங்கியிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: கட்டாத வட்டி எங்கே போய்ச் சேரும்? அசலோடு சேருமா, தனியாக நிற்குமா, அவகாசம் முடிந்ததும் மொத்தமாகக் கேட்பார்களா? கிரெடிட் ஸ்கோரில் இது எப்படிப் பதிவாகும் என்பதையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். 2009இன் அமெரிக்கத் திட்டத்தில், அனுப்பிய காகிதங்களை வங்கிகள் தொலைத்துவிட்டு மறுபடி மறுபடி கேட்டதாக வந்த புகார்கள் ஏராளம். தகுதி இருந்தும் அலைந்து ஓய்ந்துபோனவர்கள் உண்டு. ஆகவே கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். தேதியையும், பேசியவர் பெயரையும் குறித்துவையுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மந்தநிலை வந்தால் "உங்கள் வீட்டை மீட்டுத் தருகிறோம்" என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். முன்பணம் கேட்பார்கள், அல்லது பத்திரத்தைத் தங்கள் பெயருக்கு மாற்றச் சொல்வார்கள். இப்படி ஏமாந்தவர்கள் பெருகியதால்தான் 2010இல் அமெரிக்க அரசு, இந்த வகை நிறுவனங்கள் முன்பணம் வாங்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. வங்கியிடம் மனுக் கொடுக்க இடையில் ஆள் தேவையில்லை. யார் சொன்னாலும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

சம்பளம் பழைய நிலைக்குத் திரும்பும் என்ற நம்பிக்கை இருந்தால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். திரும்பாது என்று தெரிந்தால் அவகாசம் கடனைத்தான் பெரிதாக்கும். அப்போது வீட்டை நீங்களே நின்று நிதானமாக விற்பது, ஏலத்துக்கு விடுவதைவிடப் பெரும்பாலும் நல்ல விலை தரும். கேட்கவே கஷ்டமான யோசனைதான், தெரியும். ஆனால் அதை இன்று முடிவு செய்ய வேண்டியதில்லை. நீங்கள் இன்னும் ஒரு தவணைகூடத் தவறவில்லை, வங்கியோடு பேசுவதற்கு உங்களிடம் உள்ள பெரிய பலம் அது. அடுத்த தவணைத் தேதிக்கு முன்பே, சம்பளக் குறைப்புக் கடிதத்தையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போங்கள். இப்போது நடப்பில் இருக்கும் அரசுத் திட்டங்களில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று அங்கேயே எழுத்தில் கேளுங்கள்.