லம்பத்து மணலில் குழி தோண்டும் குளவி: கேள்வி பதில்

போன வாரம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோருக்கு வெளியே ஒரு பழைய ஈய லம்பத்து (வெள்ளீயச் சுரங்கத்து) மணல்மேட்டில் தம்பி ஒருவர் எடுத்த படத்தை எனக்கு அனுப்பினார். கறுப்பு உடம்பில் வெளிர்மஞ்சள் பட்டைகள், பச்சை கலந்த பெரிய கண்கள், வயிற்றுக்கு அடியில் பீய்ச்சி அடிக்கும் மணல். அதைப் பார்த்தவர்களிடமிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த நாளிலிருந்து நான் குளவிகளைக் கவனித்து வருகிறேன். தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி (படம் எடுத்த தம்பி): ஐயா, இதற்கு என்ன பெயர்? இதில் ஒரே வகைதானா?

பதில்: தம்பி, இது மணல் குளவி. பெம்பிக்ஸ் என்ற பேரினம், ஃபபிரீசியஸ் என்ற டென்மார்க்குப் பூச்சியியலாளர் 1775-இல் வைத்த பெயர். அந்தப் பேரினத்தில் மட்டும் 350-க்கு மேல் இனங்கள் இருக்கின்றன. உங்கள் படத்தில் இருப்பது பெம்பிக்ஸ் என்பதுவரை உறுதி. இன்ன இனம் என்று படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். ஆண் குளவியின் கால், அடிவயிறு, இனப்பெருக்க உறுப்பு எல்லாவற்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

பெம்பிக்ஸின் சொந்தக்காரர்களையும் சேர்த்தால் மணல் குளவிக் கூட்டத்தில் ஏறக்குறைய 1,800 இனங்கள். முன்பு இவற்றை வேறு பெரிய குடும்பங்களுக்குள் வைத்திருந்தார்கள். 2018-இல் மரபணுவை ஒப்பிட்டுச் செய்த ஆய்வுக்குப் பிறகு பெம்பிசிடே என்று தனிக் குடும்பமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

இத்தனை இனங்களையும் பார்க்கும்போது என்னை உட்கார வைப்பது, ஒவ்வொன்றும் பிள்ளைக்கு என்ன சாப்பாடு கொண்டுவருகிறது என்பதுதான். பெம்பிக்ஸ் ஈ பிடிக்கும். பெம்பிசைனஸ் என்ற சின்னக் குளவி தத்துப்பூச்சி பிடிக்கும். ஸ்ஃபீசியஸ் என்று பெரிய உருவம் ஒன்று உண்டு, அது தன்னைவிடக் கனமான சிள்வண்டைத் தூக்கிக்கொண்டு பறக்கும். ஸ்டைசஸ் வெட்டுக்கிளிக்கும் கும்பிடுபூச்சிக்கும் போகும். அமெரிக்காவில் இருக்கும் பிசிர்ட்டீஸ் நாற்றப்பூச்சியைக் கொண்டுவரும். மைக்ரோபெம்பெக்ஸ் வேட்டைக்கே போகாது, மணலில் செத்துக் கிடக்கும் பூச்சிகளைப் பொறுக்கி வரும். தென்னமெரிக்காவின் எடித்தா பட்டாம்பூச்சி பிடிக்கும்.

ஆஸ்திரேலியா இன்னும் ஆச்சரியம். எவன்ஸ், மேத்யூஸ் என்ற இருவர் அங்கே சுற்றி 1973-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார்கள். அந்த ஒரு கண்டத்தில் மட்டும் ஏறக்குறைய 80 பெம்பிக்ஸ் இனங்கள். மற்ற நாடுகளில் பெரும்பாலும் ஈயையே பிடிக்கும் இந்தப் பேரினத்தில், அங்கே சில இனங்கள் தேனீக்கும் சில ஊசித்தட்டானுக்கும் மாறியிருக்கின்றன.

கேள்வி (தாப்பா அக்கா): கொட்டுமா?

பதில்: பெண்ணுக்குத்தான் கொடுக்கு. கையில் பிடித்து நசுக்கினால் கொட்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கொட்டாது. ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக வளை தோண்டிக் குடித்தனம் நடத்துகிறது. காவல் காக்க ஒரு பொதுக் கூடு கிடையாது, அதனால் கூட்டமாக விரட்டும் பழக்கமும் இல்லை.

கேள்வி (தோட்டத்து லயத்தில் வளர்ந்த ஒரு தம்பி): எங்கள் செம்பனைத் தோட்டத்தில் நான் இதைப் பார்த்ததே இல்லையே. லம்பத்தில் மட்டும் ஏன்?

பதில்: நல்ல கேள்வி. இந்தக் குளவிக்கு வேண்டியது மூன்று: தளர்ந்த மணல், நேர் வெயில், தண்ணீர் நிற்காத தரை. உலகத்திலேயே இவை அதிகமாக இருப்பது வறண்ட, திறந்த நிலங்களில்தான். மழைக்காட்டு நாடான நம் ஊரில் அப்படிப்பட்ட இடம் குறைவு, கடற்கரையும் சில ஆற்றுமணலும்தான். தோட்டத்து மண் களிமண், இல்லாவிட்டால் செம்மண். அதற்கு மேல் மட்டைகள் கூரை போட்டுவிடும்.

லம்பக்காரர்கள் என்ன செய்தார்கள்? மண்ணைத் தண்ணீரால் அடித்துக் கரைத்து, பாலோங் என்ற சரிவான மரக்கால்வாயில் ஓடவிட்டு, ஈயத்தை எடுத்துக்கொண்டு மணலை வெளியே தள்ளினார்கள். 1985-இல் ஈய விலை விழுந்ததும் ஒவ்வொன்றாக மூடிவிட்டுப் போனார்கள். மிச்சம் இருந்தது புல்கூடச் சரியாக முளைக்காத வெள்ளை மணல். நாம் அதைச் செத்த நிலம் என்கிறோம். இந்தக் குளவிக்கு அது கேட்டாலும் கிடைக்காத நிலம். இப்போது லோரி லோரியாக மணலை அள்ளுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. மணலுக்கு உள்ளே கூடுகள் இருக்கின்றன என்று அள்ளுகிறவருக்குத் தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை.

கேள்வி (பீடோர், வீட்டு முன்னால் மணல் கொட்டி வைத்திருப்பவர்): வீடு கட்ட இறக்கிய மணலில் ஏழெட்டு ஓட்டை. மண்ணெண்ணெய் ஊற்றினால் போதுமா?

பதில்: ஊற்றாதீர்கள். உள்ளே இருப்பது ஒரு புழுவும் நாலு ஈயும். தாய் வெளியே பறந்துகொண்டிருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. பிள்ளை மட்டும் சாகும், மணலும் நாறும். ஒரு மாதம் பொறுக்க முடிந்தால் பொறுங்கள். முடியாவிட்டால் குளவி தோண்டாத பக்கத்திலிருந்து மணலை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சுங்கை, ஆசிரியை): நாலு ஈ என்கிறீர்கள். ஒரே தடவையில் நிரப்பி மூடிவிடாதா?

பதில்: டீச்சர், மற்ற பல குளவிகள் அப்படித்தான். இரையை அடைத்து, முட்டை வைத்து, மூடிவிட்டுப் போய்விடும். பெம்பிக்ஸ் அப்படி இல்லை. முட்டை பொரிந்த பிறகும் தினமும் புது ஈ கொண்டுவந்து ஊட்டும். புழு சின்னதாக இருக்கும்போது ஒன்றிரண்டு, பெரிதாகப் பெரிதாக இன்னும் அதிகம். பிரான்சு நாட்டுப் பூச்சி ஆய்வாளர் ஃபாப்ர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பார்த்து எழுதினார். இது பிடிக்கும் ஈ பெரும்பாலும் செத்துவிடுகிறது, சேர்த்து வைத்தால் கெட்டுப்போகும், அதனால் அன்றாடம் வேட்டை என்பது அவர் சொன்ன காரணம்.

ஒவ்வொரு தடவை வெளியே போகும்போதும் வாசலை மணலால் மூடிவிட்டுப் போகும். சுற்றிலும் ஒரே வெள்ளை மணல், வாசல் இருந்த அடையாளமே இல்லை. திரும்பி வந்து சரியாக அதே இடத்தில் இறங்கி, முன்னங்கால் முட்களால் நாய் மாதிரித் தோண்டி, நடுக்காலால் ஈயை அணைத்தபடி உள்ளே போகும். எப்படி அடையாளம் கண்டது?

டின்பெர்கன் என்ற டச்சு அறிஞர் இதே கேள்வியைத் தேனீ பிடிக்கும் வேறொரு குளவியிடம் கேட்டார். வாசலைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக வைத்துப் பழக்கினார். பிறகு வட்டத்தை நகர்த்தினார். குளவி வட்டத்துக்குப் போனது, வாசலுக்குப் போகவில்லை. 1932-இல் அதை வெளியிட்டார். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973-இல் நோபல் பரிசும் பெற்றார்.

நமக்குப் பைன் காய் ஏது? நான் செம்பனை உதிரிப் பழம் ஏழு எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பெம்பிக்ஸ் வாசலைச் சுற்றி வைத்துவிட்டு இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் அது வேட்டைக்குப் போனதும் பழங்களை ஒரு முழம் தள்ளி அதே வட்டமாக வைத்தேன். ஈயோடு வந்தது. நேராகப் பழ வட்டத்தின் நடுவில் இறங்கித் தோண்டியது. இல்லை. எழும்பியது, சுற்றியது, மறுபடி அங்கேயே இறங்கியது. நாலாவது தடவைக்கு மேல் எனக்கு மனசு கேட்கவில்லை, பழங்களைப் பழைய இடத்தில் வைத்தேன். வாசலைத் திறந்துகொண்டு போய்விட்டது.

கேள்வி (கம்பார்): மணல் குளவி கொட்டினால் என்ன மருந்து?

பதில்: கையில் பிடித்து நசுக்காவிட்டால் கொட்டாது என்று மேலே சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி (தாப்பா ரோடு): ரம்புத்தான் மரத்தில் சோற்றுப்பானை அளவு கூடு, கறுப்புக் குளவி, வயிற்றின் முன்பாதி ஆரஞ்சு. இதுவும் மணல் குளவியா?

பதில்: இல்லை! அது தெபுவான் (கதண்டு). நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு வெஸ்பா அஃபினிஸ். அது கூட்டமாக வாழும், கூட்டமாகக் கொட்டும், ஆளையே கொல்லும். கிட்டே போகாதீர்கள், கல் எறியாதீர்கள், தீ வைக்காதீர்கள். 999-க்கு அழைத்துப் பொம்பாவிடம் (தீயணைப்புப் படையிடம்) சொல்லுங்கள். எங்கள் டிவிஷனில் புல் வெட்டப் போனவர் தெரியாமல் ஒரு கூட்டைத் தட்டிவிட்டு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பல கொட்டு விழுந்தாலும், ஒரே கொட்டுக்கு மூச்சு முட்டி முகம் வீங்கினாலும், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி (தேவார வகுப்பு நடத்தும் ஐயா, பீடோர்): முட்டை வைக்கிறது, ஊட்டுகிறது என்கிறீர்கள். குளவி புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும் என்றுதான் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குரு சீடனை மாற்றுவதற்கு நான் வகுப்பில் சொல்லும் உவமையே அதுதான்.

பதில்: ஐயா, வீட்டுச் சுவரில் மண்பானை கட்டும் குளவியைப் பார்த்து வந்த சொல் அது. பானைக்குள் முதலில் ஒரு முட்டையைக் கூரையிலிருந்து மெல்லிய நூலில் தொங்கவிடும். பிறகு பச்சைப் புழுக்களைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து அடைக்கும். முட்டையிலிருந்து வரும் குளவிப் பிள்ளை அந்தப் புழுக்களைத் தின்று வளர்ந்து, சுவரைக் குடைந்து வெளியே வருகிறது. பச்சைப் புழு மாறவில்லை, உணவாகிவிட்டது.

(கோலாலம்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி): எல்லாம் மூடநம்பிக்கை. அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது.

பதில்: தம்பி, அப்படிப் பேசாதீர்கள். அந்த ஆட்கள் பார்த்ததைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். குளவி கொட்டுவதைப் பார்த்தார்கள். கொட்டுப்பட்ட புழு சாகாமல், அழுகாமல் இருப்பதைப் பார்த்தார்கள். மூடிய கூட்டிலிருந்து குளவி வருவதைப் பார்த்தார்கள். விட்டது ஒன்றே ஒன்று, அரிசிமணியைவிடச் சின்ன அந்த முட்டை. கைப்பேசி வைத்திருக்கிற நம்மில் எத்தனை பேர் அவ்வளவு நேரம் ஒரு குளவியைப் பார்த்திருக்கிறோம்?

(ஈப்போ அக்கா): வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று மாமியார் உடைக்க விடமாட்டார். அதுவும் பொய்யா ஐயா?

பதில்: அக்கா, பிள்ளை பிறப்பது குளவி வீட்டில். ஆனால் உங்கள் மாமியார் பேச்சைக் கேளுங்கள், உடைக்க வேண்டாம்.

(தேவார வகுப்பு ஐயா): பிள்ளைகள் நாளைக்கு உங்களைக் காட்டி என்னைக் கேள்வி கேட்பார்கள். நான் என்ன சொல்ல?

பதில்: பிள்ளைகளே பார்க்கட்டும் ஐயா. நான் ஒருமுறை சாமி அறைக் கதவுக்கு மேலிருந்த மண்கூடு ஒன்றைக் கத்தியால் பெயர்த்தேன். அது சிலந்தி பிடிக்கும் செலிஃப்ரான் குளவியின் கூடு. ஒரு அறையில் அசையாத சிலந்திகள், அவற்றின் நடுவே ஒரு வெள்ளைப் புழு. அப்படியே கண்ணாடிப் போத்தலில் போட்டுத் துணி கட்டினேன். சிலந்திகள் குறைந்துகொண்டே வந்தன, புழு பெருத்துக்கொண்டே வந்தது. பிறகு பழுப்பு உறை பின்னியது. ஒரு மாதத்துக்குள் மெல்லிய இடுப்போடு குளவி வெளியே வந்தது. என் பேத்தி தினமும் பள்ளி விட்டு வந்ததும் முதலில் போத்தலைத்தான் பார்ப்பாள்.

(தேவார வகுப்பு ஐயா): சரி. அப்படியானால் தினமும் ஊட்டுகிற உங்கள் மணல் குளவியையே குருவுக்கு உவமையாகச் சொல்லிவிடலாம் போலிருக்கிறதே.

பதில்: சொல்லுங்கள் ஐயா, எனக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை. வகுப்பை ஒருநாள் மணல்மேட்டுக்குக் கூட்டி வாருங்கள்.

கேள்வி (கம்பார்): அடுப்படியில் பளபளவென்று பச்சைக் குளவி கரப்பானை மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது.

பதில்: ஆம்புலெக்ஸ் கம்ப்ரெசா. கரப்பானை இரண்டு தடவை கொட்டும், இரண்டாவது கொட்டு மூளையில். பிறகு கரப்பான் ஓட மனமில்லாமல் கூடவே நடக்கும். விட்டுவிடுங்கள், உங்கள் வேலையைத்தான் செய்கிறது.

கேள்வி (தோட்ட ஊழியர்): காண்டாமிருக வண்டுக்கு இது உதவுமா?

பதில்: பெம்பிக்ஸ் உதவாது. வண்டுப் புழுவைத் தேடி மண்ணுக்குள் போவது ஸ்கோலியா கூட்டம், அது வேறு குடும்பம்.

கேள்வி (படம் எடுத்த தம்பி): ஐயா, இன்று மறுபடி போனேன். குளவிக்குப் பின்னாலேயே ஒரு சின்னச் சாம்பல் ஈ விடாமல் பறக்கிறது. குளவி அதைப் பிடிக்கவில்லையே?

பதில்: அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள். அது ஒட்டுண்ணி ஈ. குளவி இரையோடு வாசலில் நுழையும் அந்த நொடியில் தன் குஞ்சுப் புழுவை இரைமேல் போட்டுவிடும். அது குளவிப் பிள்ளையின் சாப்பாட்டைத் தின்னும். அதனால்தான் சில சமயம் குளவி வீட்டுக்கு வராமல் வளைந்து வளைந்து பறக்கும், எங்காவது இறங்கி அசையாமல் உட்காரும். ஈ போகட்டும் என்று காத்திருக்கிறது. ஈ பிடிக்கிற குளவிக்கே ஈதான் எதிரி. பல நிறம் மின்னும் குயில் குளவியும் இறக்கை இல்லாத பெண் வெல்வெட் குளவியும் கூட இந்த வளைக்குள் முட்டை வைக்க வரும், பாருங்கள்.

கேள்வி (மூன்று பேர், மூன்று ஊர்): மண்ணெண்ணெய் வேண்டாம் என்றால் கொதிதண்ணீர்? பூச்சி மருந்து?

பதில்: எதுவும் வேண்டாம். இனிமேல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி (சுங்கை, ஆசிரியை): மாணவர்களைக் கூட்டி வந்தால் எந்த நேரம் பார்க்கலாம்?

பதில்: முதல்நாள் மழை இல்லாத காலையாக இருக்கட்டும். பத்து மணிக்கு மணல் சூடேறியதும் தொடங்கும், மேகம் மூடினால் நின்றுவிடும். தொப்பி, தண்ணீர், மூடிய சப்பாத்து அவசியம். லம்பக் குட்டைப் பக்கம் ஒரு பிள்ளையும் போகக்கூடாது, கரை சரியும், ஆழம் தெரியாது. வளையிலிருந்து நாலடி தள்ளி உட்காரச் சொல்லுங்கள், நிழல் வாசலில் விழாமல். ஏழு உதிரிப் பழம் நான் எடுத்து வருகிறேன்.